சின்னதுக்குத் தெரியக் கூடாது

அந்தப் பை ரிப்பேர் கடையில் இரண்டு பேச்சுகள் புழங்கின. ஒன்று ஊர்ப் பேச்சு. வாடிக்கையாளரை வரவேற்க, கட்டடத்துச் சொந்தக்காரரிடம் குழைய, பள்ளிக்கூடத்தில் தலையாட்ட, பிள்ளையைக் கொஞ்ச அது. இன்னொன்று வீட்டுப் பேச்சு. சண்டை போட, புலம்ப, பயப்பட அது. முக்கியமாக, எதிரே நிற்கிற ஆளுக்குப் புரியாமல் அந்த ஆளைப் பற்றியே பேசுவதற்கு அதை விட்டால் வேறு கதி கிடையாது. இரண்டையும் இங்கே தமிழில்தான் எழுதியாக வேண்டும். எது எந்தப் பேச்சு என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டுப் பேச்சுக்கு ஊரார் வைத்த பெயர் 'கடமுடா'. தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறதாம். பஸ்ஸில் இரண்டு பேர் அதில் பேசிக்கொண்டால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் வாய் தவறி ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், அந்த வீடு அப்போதுதான் வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். அதனால் அந்தச் சனங்கள் தெருவில் இறங்கியதும் குரலைத் தாழ்த்தப் பழகியிருந்தார்கள். சிலர் பேச்சையே விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குடியிருக்க வீடு வேண்டுமே.

கடையை நடத்திய பைக்காரரும் பைக்காரம்மாவும் அப்படி அடியோடு விட்டவர்கள் அல்ல. பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். பள்ளியில் படித்த காலம் முழுக்க 'கடமுடா' என்ற பட்டப்பெயரைச் சுமந்தவள் பைக்காரம்மா. மகள் பிறந்ததும் அவள் எடுத்த முதல் முடிவு, இவளுக்கு அந்தப் பட்டம் கிடைக்கக் கூடாது என்பதுதான். பிறகு பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியையும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "வீட்லயும் நம்ம பேச்சையே பேசுங்க. ரெண்டையும் கலந்தா பிள்ளைக்கு எதுவும் உருப்படியா வராது" என்று சொல்லிவிட்டார். அந்த 'நம்ம'வில் தங்களையும் சேர்த்தாரா இல்லையா என்று புரியாமலே இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

ஆக, மகளிடம் பேசுவதெல்லாம் ஊர்ப் பேச்சு. அதில் அவள் பெயர் 'தங்கம்'. மகளைப் பற்றிப் பேசுவதெல்லாம் வீட்டுப் பேச்சு. அதில் அவள் பெயர் 'சின்னது'. "சின்னது பார்க்குது, மெதுவாப் பேசுங்க." "சின்னது தூங்கட்டும், அப்புறம் வச்சுக்கிறேன் உங்களை." இப்படி அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'சின்னது' அடிபடும் என்று கணக்கே கிடையாது. சின்னது பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட பழைய ஜிப் ரன்னர்களைக் கோத்து விளையாடிக்கொண்டிருக்கும். அதற்கு என்ன புரியப் போகிறது என்று அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பைக்காரம்மா இரண்டாவதாக உண்டானபோதுதான் அந்த நிம்மதிக்குக் கேடு வந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் ரத்தமும் பட்டிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார். பிரசவம் வரைக்கும் படுக்கைதான், தையல் மிஷின் பக்கமே போகக் கூடாது. அவளோ காலால் மிதிக்கிற மிஷினில் ரெக்ஸின் தைக்கிறவள். பைக்காரர் ஜிப் மாற்றுவார், சக்கரம் மாட்டுவார், கைப்பிடி போடுவார். ஒரு தையல் நேராகப் போடச் சொன்னால் நதி மாதிரி வளைந்து போகும்.

கடைக்குப் பின்னால் ஒரே அறைதான். நடுவில் அவள் தைத்த ரெக்ஸின் திரை ஒன்று தொங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சாயங்காலம் அவளை அந்த அறைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பைக்காரர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மகள் கால்மாட்டில் படம் வரைந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் வீட்டுப் பேச்சுக்கு மாறினார்கள்.

"ரத்தம் நிக்கலைன்னா என்னையே காப்பாத்த முடியாதாம்" என்றாள்.

"சும்மா இரு. அப்படியெல்லாம் ஆகாது."

"ஆயிடுச்சுன்னா? சின்னதை யாரு பார்த்துப்பாங்க, சொல்லுங்க."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பசை ஒட்டிய புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "சின்னதுக்குத் தெரியக் கூடாது" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி, சிரித்த முகத்தோடு ஊர்ப் பேச்சில், "தங்கம்! அம்மாவுக்குக் கால் வலிடா. கொஞ்ச நாள் படுத்துக்கிட்டே இருப்பா, அவ்வளவுதான்!" என்றார்.

தங்கம் தலையாட்டினாள். பச்சைக் குச்சியை வைத்துவிட்டு நீலத்தை எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் பிள்ளையிடம் என்னவோ கோளாறு. சாப்பாட்டைத் தட்டிலேயே பிசைந்துகொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் என்றால் வயிற்று வலி என்பாள். நாள் முழுக்கத் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பைக்காரம்மா அசந்து தூங்கிக் கண் விழித்தால் மகளின் சின்ன விரல் மூக்குக்கு நேரே நீண்டிருக்கும். "என்ன விளையாட்டு இது? கூசுது, போ" என்று தட்டிவிடுவாள். வரப்போகிற பாப்பா மேல் பொறாமை, அதனால்தான் இப்படிப் பண்ணுகிறாள் என்று புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுப் பேச்சில் பேசி முடிவு கட்டினார்கள்.

சமைக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் ஆள் வேண்டும். இருந்த ஒரே ஆள் பைக்காரரின் அக்கா. பழக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை அவளுக்கு. கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் லாரி நின்றுவிடும், அப்படிப்பட்ட குரல். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்தச் சனங்களே என்பதால் ஊர்ப் பேச்சில் அவளுக்குத் தெரிந்தது இரண்டே சொல்: 'எவ்வளவு', 'வேண்டாம்'. அந்த இரண்டை வைத்தே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டாள். தம்பி மகள் தத்தித் தத்தி நடந்த காலத்தில் வந்தவளிடம், 'குழந்தைகிட்ட நம்ம பேச்சு வேண்டாம்க்கா' என்று சொல்லப்போக, அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

நாத்தனார் வருவாளோ மாட்டாளோ என்று பைக்காரம்மா படுத்தபடி தவித்தாள். வந்துவிட்டாள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே தம்பி பழைய நிபந்தனையை மறுபடி எடுத்துவிட்டான்.

"சரிடா. நான் ஊமையாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள் அக்கா.

சொன்னபடியே இருந்தாள். பிள்ளையிடம் எல்லாம் கைச் சாடைதான். சாப்பிட வா என்றால் வாயருகே கை. குளிக்க வா என்றால் தலைமேல் கவிழ்க்கிற கை. பிள்ளை பெரிய கண்களை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து நிற்கும். ஒரு வீட்டில் ஒரு ஊமை இருந்தாலே கஷ்டம், இங்கே வேண்டுமென்றே இரண்டு ஊமைகள்.

ஒரு வாரம் தாங்கவில்லை. ஒரு காலை, தம்பியைக் கடை வாசலில் நிறுத்தி அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள். திரைக்குப் பின்னால் பைக்காரம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பிள்ளை சாப்பிட மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்குது. ஏண்டி இப்படி இருக்கேன்னு கேக்க எனக்கு வாயில்ல. வாயை ஊர்லயே வச்சுட்டு வான்னு முன்னாடியே சொல்லியிருந்தா, கையை மட்டும் பார்சல்ல அனுப்பி வச்சிருப்பேன்ல? என்னால முடியாதுடா தம்பி. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புறேன்."

"அக்கா, அவளால எந்திரிக்க முடியாதுக்கா..."

"தெரியும். பாவமாத்தான் இருக்கு. ஆனா பெத்த பிள்ளை மாதிரி இருக்கிறதைத் தினம் பார்த்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருன்னா, அதைவிட நான் கிடங்குல அந்தப் பழப் பெட்டிங்களோடயே பேசிக்கிட்டு இருந்துடுவேன்."

பைக்காரர், சக்கரமும் ரன்னரும் வாங்கி வருகிறேன் என்று மொத்தக் கடைக்கு நழுவிவிட்டார். கஷ்டமான பேச்சு வந்தால் சாமான் வாங்கக் கிளம்புவது அவர் வழக்கம். பைக்காரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நாத்தனார் போனால் நாளைக்கு அடுப்படியில் நிற்க வேண்டும், மகளைக் கூட்டிப் போக வேண்டும், சேர்ந்து கிடக்கிற பைகளுக்காக மிஷினிலும் உட்கார வேண்டும். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். தாங்குவாயா என்று உள்ளே இருப்பதைக் கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

முன்பக்கம் அக்கா துணிமணியை அடைத்துப் பையை மூட முயன்றுகொண்டிருந்தாள். கோபத்தில் இழுத்த இழுப்பில் ஜிப் வாயைப் பிளந்துகொண்டது. ரன்னர் ஒரு பக்கம் கழன்று ஆடியது. பை ரிப்பேர் கடையில் பை கிழிகிறது, சரிசெய்கிறவன் கடைத்தெருவில். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

சின்னது திரையை விட்டு நகர்ந்து வந்தது. அத்தைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தது. ரன்னரைத் திருப்பிப் பார்த்தது, பற்களின் மேல் கட்டைவிரலை ஓட்டியது, அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு சுத்தமான வீட்டுப் பேச்சில் சொன்னது:

"பல்லு நல்லாத்தான் இருக்கு. ரன்னர்தான் போச்சு." அதோடு விடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, குரலை இறக்கி, "ஆளு அவசரத்துல இருக்கு. விலையைக் கொஞ்சம் கூடவே சொல்லு, குடுத்துடும்" என்றது.

அத்தை வாயைப் பிளந்தாள். திரைக்குப் பின்னால் பைக்காரம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அடுத்த நொடி அத்தை சிரித்த சிரிப்பில் தொங்கிய பைகள் எல்லாம் ஆடியிருக்கும். "அடிப்பாவி! என்கிட்டயே விலை பேசுறியா? உனக்கு நம்ம பேச்சு வருமா?"

பிள்ளை திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தது. யாரும் இல்லை.

"அங்க என்ன பார்க்குற? உன்னைத்தான் கேக்குறேன். உனக்கு வருமா?"

"சின்னதுக்கு வரும்" என்றது. சொன்ன பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது. முகம் வெளிறிவிட்டது. "சின்னதுக்குத் தெரியக் கூடாது."

"எது தெரியக் கூடாது?"

"எல்லாம்."

அத்தையின் சிரிப்பு அடங்கியது. பையைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி, தெரியாததெல்லாம் இருக்கட்டும். தெரிஞ்சதைச் சொல்லு" என்றாள்.

சின்னது சொன்னது. முதலில் அம்மாவின் குரலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'உங்களைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டேன்' என்றது. பிறகு அப்பாவின் குரலில், கட்டடத்துச் சொந்தக்காரரைப் பற்றி அவர் சொல்கிற ஒன்றைச் சொன்னது. அதை இங்கே எழுத முடியாது. அத்தைக்கு மறுபடி சிரிப்பு வந்தது. அதே மூச்சில், அதே மாதிரி, யாருடைய குரலும் இல்லாமல் பிள்ளை தொடர்ந்தது:

"ரத்தம் நிக்கலைன்னா அம்மா செத்துப் போயிடுவா. சின்னதை யாரு பார்த்துப்பாங்கன்னு தெரியல. அப்பா அழுதாரு. சின்னது பள்ளிக்கூடம் போனா அந்த நேரத்துல மூச்சு நின்னு போயிடும். அதான் சின்னது மூக்குல கை வச்சுப் பார்க்குது."

பைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளும் இந்தப் பயத்தைத் தானும் புருஷனும் மட்டும் சுமப்பதாக அல்லவா நினைத்திருந்தாள்! கட்டிலின் கால்மாட்டில், வர்ணக் குச்சிகளுக்கு நடுவில் இதுவும் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. அவர்களுக்காவது புலம்ப ஒருவருக்கு ஒருவர் இருந்தார்கள். பிள்ளைக்கு யாரும் இல்லை.

"தங்கம்! இங்க வாடா" என்று ஊர்ப் பேச்சில் கூப்பிட்டாள்.

மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லடா செல்லம். கால் வலிதான். அப்பா சொன்னாருல்ல?"

"சரிம்மா" என்றாள் மகள், ஊர்ப் பேச்சிலேயே. கூடவே சின்னதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பைக்காரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நாளைக்குக் கட்டாயம் தந்துவிடுகிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது அவளும் அவரும் சிரிக்கிற சிரிப்பு அது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இந்த வீட்டில் இனிப்பானதெல்லாம் ஊர்ப் பேச்சில் வந்தது, நிஜமானதெல்லாம் வீட்டுப் பேச்சில் வந்தது. பிள்ளை சரியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. இனி ஊர்ப் பேச்சில் தலைகீழாக நின்று சத்தியம் செய்தாலும் நம்பாது.

வீட்டுப் பேச்சில்தான் சொல்ல வேண்டும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? அந்தப் பேச்சில் அவள் மகளைக் கூப்பிட்டதே இல்லை. சண்டைக்கும் பயத்துக்கும் அதில் சொற்கள் வரிசை கட்டி நின்றன. கூப்பிட ஒன்றைத் தேடினால் கைக்கு அகப்படவில்லை. திக்குமுக்காடிப் போனாள்.

"என்னடி முழிக்கிற?" என்று நாத்தனார் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டினாள். "உன்னைச் சின்ன வயசுல என்னன்னு கூப்பிட்டாங்க? அதைச் சொல்லேன்."

அவளை 'எலிக்குஞ்சு' என்று கூப்பிட்டிருந்தார்கள். அவளே மறந்து போயிருந்தாள்.

"எலிக்குஞ்சே" என்றாள். "இங்க பாரு. நீ கேட்டதெல்லாம் நெசம். டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க. அம்மா பயந்துட்டேன், அப்பாவும் பயந்துட்டாரு. ஆனா டாக்டர் இன்னொண்ணும் சொன்னாங்க. அசையாம படுத்திருந்தா முக்காவாசிப் பேருக்கு நல்லபடியா ஆயிடும்னு. ரத்தம் அன்னைக்கே நின்னு போச்சு. அப்புறம் ஒரு சொட்டுக்கூட இல்ல. அதை நாங்க பேசிக்கவே இல்ல, பாரு. இந்தப் பேச்சுல நல்லதைப் பேசி ரொம்ப நாளாச்சு, அதான் மறந்துட்டோம்."

மகள் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "இதுவும் நெசமா?"

"இந்தப் பேச்சுல எப்பவாவது உங்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தால் சொன்னதில்லைதான். இந்தப் பேச்சில் அவளிடம் எதுவுமே சொன்னதில்லை.

"அப்ப... சின்னது பள்ளிக்கூடம் போகலாமா?"

"சின்னது இல்லடி. அது நாங்க உன்னைப் பத்திப் பேசும்போது சொல்றது. நீ உன்னையே சொன்னா 'நான்'னு சொல்லணும்."

பிள்ளை உதட்டை நனைத்துக்கொண்டது. வீட்டுப் பேச்சில் 'நான்' என்ற சொல்லை அது சண்டையில் மட்டும்தான் கேட்டிருக்கிறது. 'நான் சொன்னா கேக்கவா போறீங்க', 'நான் ஒருத்தி கிடக்கிறேன்'. ஆகவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூக்கை விடைத்துக்கொண்டு, அறையே அதிரக் கத்தியது:

"நான்! பள்ளிக்கூடம் போகலாமா!"

பைக்காரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குலுங்கிச் சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, தலையணையைக் கடித்துக்கொண்டாள். "போகலாம், போகலாம். ஆனா மெதுவாவும் சொல்லலாம். எல்லாத்துக்கும் கத்த வேண்டியதில்ல." பிள்ளை கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. 'நான்' என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. பிறகு இன்னொரு தடவை.

சாமான்களோடு திரும்பிய பைக்காரர் வாசலில் நின்றபடியே உள்ளே இருந்து வந்த வீட்டுப் பேச்சைக் கேட்டார். ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் எப்படியெல்லாமோ போனது. கடைசியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னடா நிக்கிற? இந்த ஜிப்பை மாத்திக் குடு" என்று பையை நீட்டினாள் அக்கா.

"அப்ப மத்தியான பஸ்ஸுக்கே கிளம்புறியாக்கா?"

"இருக்கப் போறவளுக்கு ஜிப் வேண்டாமா? உள்ள எலி பூந்துடாது?"

கட்டிலிலிருந்து வீட்டுப் பேச்சில் ஒரு குரல் வந்தது. "அப்பா! கூடவே சொல்லுங்க, அத்தை குடுத்துடும்!"

அன்று மத்தியானம் தட்டில் சாப்பாடு மிச்சமில்லை. மறுநாள் காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் போயிற்று. போகும்போது ஒரு தடவை அம்மாவின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போயிற்று. அதற்காக யாரும் தட்டிவிடவில்லை. அத்தையின் குரல் கடையைத் தாண்டித் தெருவரைக்கும் போயிற்று. பைக்காரர் முதலில் இரண்டு நாள் 'மெதுவா, மெதுவா' என்று சொல்லிப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

டாக்டரம்மா குறித்த நாளில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. தாயும் நன்றாக இருந்தாள். வீடு திரும்பியதும் கட்டில் ஓரத்தில் துணித் தூளி கட்டி, குழந்தையை அதில் போட்டிருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் திரையை ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள், காற்று வரட்டும் என்று. வாசலில் ஒரு ஆள் சக்கரம் கழன்ற பெட்டியோடு காத்திருந்தார்.

பைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பழைய பழக்கத்தில், வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கி வீட்டுப் பேச்சில் கேட்டார்: "சின்னது என்ன, மஞ்சளா இருக்கிற மாதிரி தெரியுதே?"

"நேத்துக்கு இன்னைக்குத் தேவலை. சின்னது பால் நல்லாக் குடிக்குது" என்று அவளும் மெதுவாகச் சொன்னாள்.

தூளிப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். 'சின்னது' என்றதும் அவளுக்கு இன்னும் காது நிமிரும். யாரைச் சொல்கிறார்கள் என்று புரிந்ததும் பென்சிலை வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தத் தடவை இடுப்பில் கை போகவில்லை, குரலும் ஏறவில்லை.

"அவனைப் பத்திப் பேசாதீங்க. அவன்கிட்ட பேசுங்க" என்றாள்.

பைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தூளியைக் கண்ணால் காட்டினாள். அவர் உள்ளே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தூளியை விலக்கிக் குனிந்தார்.

"எலிக்குஞ்சே, நீ எப்படா எந்திரிச்ச?" என்றார் வீட்டுப் பேச்சில்.

வாசலில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். பைக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை.